பறக்கப் போகிறவரிடம் சொல்லக் கூடாதது

இல்லை அக்கா, அவர் என் வீட்டுக்காரர் இல்லை.

கார் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் பையைச் சுமந்து வந்து, என்னை இந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாரே, அவரைத்தானே சொல்கிறீர்கள்? "எவ்வளவு பொறுப்பா இருக்காரு உங்க வீட்டுக்காரரு" என்றீர்கள். என் காதில் விழுந்தது. அவர் பார்கவன். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடி. நாங்கள் முதல் மாடி. என் வீட்டுக்காரர் கிளாட்வினும் அவரும் ஒரே விமானக் கம்பெனியில் கோ-பைலட். கிளாட்வின் இன்னும் பறக்கிறார். பார்கவனைக் கம்பெனி வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டது. வேலை இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, சம்பளம் மட்டும் இல்லை. நிலைமை சரியானதும் கூப்பிடுவார்களாம். அந்த நிலைமை எப்போது சரியாகும் என்று அதற்கே தெரியாது.

அவர் ரொம்ப நல்லவர் என்று நினைத்திருப்பீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நல்லவராகிவிடுவாரா? டாக்டர் இன்னும் வரவில்லையே, நேரம் இருக்கிறது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

கொஞ்சம் இவள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். என் கைக்கு இப்போதெல்லாம் ஒன்றும் தெரிவதில்லை. சுடுகிறதா? காலையில் இதைவிட அதிகம். இவளுக்கு இதுதான் முதல் காய்ச்சல். பெயர் இவாஞ்சலின். இவா என்று கூப்பிடுவோம். பால் குடிக்க மாட்டேன் என்கிறாள், அழவும் மாட்டேன் என்கிறாள். அழுதால்கூடத் தேவலை. உங்கள் பையனுக்கு இருமல்தானே? இருமல் பரவாயில்லை அக்கா. இருமினால் பிள்ளை இருக்கிறது என்று தெரிகிறது.

நான் பயப்படவில்லை. பயம் வேறு, இது வேறு.

சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தபோது மிச்சமிருந்த பைலட்டுகள் எல்லோரும் எங்கள் மொட்டை மாடியில் கூடினார்கள். பார்கவன் மகளின் பிறந்தநாள் என்று பெயர். கேக்கை வெட்டிவிட்டுப் பெரியவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிப் பேசிக்கொண்டார்கள். ஆட்களை அனுப்பிவிட்டால் விமானத்தை ஓட்ட ஆள் குறையும் அல்லவா? குறைந்தால் கம்பெனி என்ன செய்யும்? மிச்சம் இருப்பவர்களிடம், "விருப்பம் இருக்கிறவங்க கூடுதலா பறங்க" என்று சொல்லும். அதற்கு எக்ஸ்ட்ரா என்று பெயர். தினம் சாயங்காலம் ஆள் இல்லாத விமானங்களை ஆப்பில் போடுவார்கள். முதலில் அமுக்குகிறவருக்கு அது. நம் ஊரில் தண்ணீர் லாரி வந்ததும் குடத்தைப் போடுகிற மாதிரி.

அதை யாரும் தொடக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். தொடாமல் இருந்தால் விமானம் நிற்கும், விமானம் நின்றால் வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். எல்லோரும் சரி என்றார்கள். கிளாட்வின் எல்லோரையும்விடச் சத்தமாகச் சரி என்றார். அவர் அப்படித்தான். சோற்றில் உப்பில்லை என்று சொல்ல மட்டும் சத்தம் வராது, மற்றவர்களுக்கு வாக்குக் கொடுக்கும்போது மட்டும் கோயில் மணி மாதிரி குரல்.

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் இருந்தார். கதவடைப்பு வந்தது. யாரும் உள்ளே போவதில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்பா வாசலில் உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். மில் திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள், வாசலில் இருந்தவர் வாசலிலேயே இருந்தார். அதற்குப் பிறகு எங்கள் அப்பா ஒரு ஜவுளிக் கடையில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். நான் கான்வென்ட்டில் படித்தேன் அக்கா. என் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கடைக்கு வருவார்கள். அப்பா அவர்களுக்கும் எழுந்து நின்று, "குட் ஈவினிங் மேடம்" என்பார். சொல் தவறாத மனிதர் என்று அவரை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பையைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அதனால் நான் முடிவு செய்தேன். என் பிள்ளையின் அப்பா வாசலில் உட்கார மாட்டார்.

எக்ஸ்ட்ராவை நான் அமுக்கினேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கொலையா செய்தேன்? அவருடைய ஆப்புக்குப் பாஸ்வேர்ட் என் பிறந்தநாள். மறக்காமல் இருக்க வைத்துக்கொண்டாராம். என் பிறந்தநாளைப் போட்டுத் திறக்கிற கதவு பாதி என்னுடையதுதானே? சாயங்காலம் இவளை மடியில் போட்டுக்கொண்டு என் போனிலேயே திறப்பேன். ஹைதராபாத் இருக்கும், கொச்சி இருக்கும், புவனேஸ்வர் இருக்கும். கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்குவேன். ராத்திரி வீடு திரும்புவதாக இருந்தால் எடுப்பேன். வெளியூரில் தங்குவதாக இருந்தால் விட்டுவிடுவேன். அவ்வளவு யோசித்துச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை.

அவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்கிறீர்களா? அதுதான் வேடிக்கை. கம்பெனியே தூக்கிப் போட்டாலும் சரி, நாமாகக் கேட்டு வாங்கினாலும் சரி, அவருடைய அட்டவணையில் ஒரே மாதிரிதான் வரும். "என்ன எமி, என்னையே போடுறானுக?" என்பார். "உங்க மேல நம்பிக்கைங்க" என்பேன். "நம்பிக்கை வச்சே கொன்னுடுவானுக போல" என்று சிரித்துக்கொண்டே சட்டையை எடுப்பார். கம்பெனி கட்டாயமாகப் போடுவதை மறுக்க முடியாது. அது அந்த மொட்டை மாடிப் பேச்சிலேயே சேர்த்திதான். அதனால் அவர் மனசுக்கும் உறுத்தல் இல்லை. யோசித்துப் பாருங்கள், நான் அவருக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கிறேன். கூடுதலாகப் பறக்கிறவரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பாது; வேலையும் நிலைக்கிறது, வாக்கும் நிலைக்கிறது.

களைப்பு இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஒருநாள் சாம்பார் சாதத்தைப் பிசைந்த கையோடு தட்டின் முன்னாலேயே தூங்கிவிட்டார். இன்னொரு நாள் காலணியைக் கழற்றிக்கொண்டே, "எமி, நான் இன்னிக்கு எந்த ஊருக்குப் போனேன்?" என்று கேட்டார். நான் சொன்னேன். எனக்குத்தான் தெரியுமே! ஆனால் சட்டம் இருக்கிறது அக்கா. இத்தனை மணி நேரத்துக்கு மேல் பறக்க முடியாது, இத்தனை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று. எல்லை தாண்டினால் அந்த ஆப்பே விடாது. நான் ஒருநாளும் எல்லையைத் தாண்டியதில்லை. எல்லைவரைக்கும் போயிருக்கிறேன், அவ்வளவுதான். களைப்பு யாருக்கு இல்லை? இவள் பிறந்ததிலிருந்து நான் ஒரு ராத்திரி முழுதாகத் தூங்கியிருப்பேனா? என்னை எந்தச் சட்டம் பார்க்கிறது?

இப்போது மைதிலிக்கு வருகிறேன். மைதிலி பார்கவனின் மனைவி. எங்கள் லிஃப்டில் கண்ணாடி இருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் அவள் பேசுவாள். "சில பேருக்கு ஓய்வே இல்லை பாவம். தினம் யூனிஃபார்ம் காயுது பால்கனில" என்றாள் ஒருநாள். நானும் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன், "துவைச்சாத்தானே காயும்" என்று. அதற்கு அவள் கீழ்த்தளம் வந்ததும் கதவைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, வாட்ச்மேனுக்குக் கேட்கும்படி, "கருங்காலி பொண்டாட்டிக்கு வாயைப் பாரு" என்றாள்.

கருங்காலி. எங்கள் அப்பா பின்வாசல் வழியாகப் போனவர்களைச் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பார்கவனும் மைதிலியும் வாசலில் நிற்கிறார்கள். கிளாட்வின், "வாடா, வாடா, காபி சாப்பிடு" என்கிறார். பார்கவன் உட்காரவில்லை.

"உன் பேர்ல எக்ஸ்ட்ரா எடுத்திருக்குடா."

"எடுக்கலைடா, போடுறாங்க."

"போட்டது இல்லை. எடுத்தது. அட்டவணை போடுற ரோஸ்டரிங்ல எனக்குத் தெரிஞ்ச பையன் சொன்னான்."

"அவன் தப்பா சொல்லியிருப்பான்."

"ஒண்ணு ரெண்டுன்னா தப்பு. இத்தனையுமா தப்பு?" என்றாள் மைதிலி. "எங்க வீட்டுல ஒருத்தர் பால்கனில உக்காந்து வானத்தைப் பார்த்துட்டிருக்கார். நீங்க அந்த வானத்துல போயிட்டு வந்து, போட்டாங்க போட்டாங்கன்னு கதை சொல்றீங்க!"

கிளாட்வினுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினார். இவள் என் இடுப்பில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை கவுனோடு. இவள் தலையில் கையை வைத்தார்.

"எம் பிள்ளை மேல சத்தியம்டா. நான் ஒரு எக்ஸ்ட்ராகூடத் தொட்டதில்லை."

நான் பிள்ளையைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். ஒரு நொடி போதும். திருப்பவில்லை. திருப்பினால் ஏன் திருப்பினாய் என்று கேட்பார்களே. அந்தக் கை இறங்கி இவள் உச்சந்தலையில் பட்டபோது இவள் சிரித்தாள் அக்கா. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நீங்களும் பிள்ளை பெற்றவர். பொய்ச் சத்தியம் பிள்ளையைப் பிடிக்கும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்கள் கான்வென்ட்டில் 'அம்மா சத்தியமா' என்று யாராவது சொன்னால் சிஸ்டர் முட்டிபோட வைப்பார். சத்தியம் செய்வதே பாவம், அது மெய்யோ பொய்யோ. அதுவும் போக, அவர் சொன்னது பொய் இல்லையே! நான் ஒரு எக்ஸ்ட்ராகூடத் தொட்டதில்லை என்றார். அவர் தொடவில்லை. அது மெய்ச் சத்தியம். மெய்ச் சத்தியம் யாரையும் ஒன்றும் செய்யாது. நான் இதை யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சரியாகத்தான் வருகிறது. சரியாக வருகிற ஒன்றை எதற்கு இத்தனை தரம் யோசிக்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

பார்கவன் மைதிலியைக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் அந்த வாரத்திலேயே ஒருநாள் அவராக இறங்கி வந்து, "விடுடா, தப்பா பேசிட்டேன்" என்று கிளாட்வின் தோளில் தட்டினார். சத்தியத்துக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். மைதிலி மட்டும் பழையபடி கண்ணாடியோடுதான் பேசினாள்.

நான் கொஞ்ச நாள் ஆப்பைத் திறக்கவில்லை. பிறகு, இன்னொரு தரம் ஆட்களை அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. திறந்தேன். சத்தியம் செய்தவர் அவர்தானே, நான் இல்லையே.

அவரிடம் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் பைலட் பெண்டாட்டிக்கு ஒரு விதி இருக்கிறது அக்கா. கல்யாணமான புதிதில் ஒரு சீனியர் கேப்டனின் மனைவி என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்கள். "பறக்கப் போறவர்கிட்ட கெட்ட சேதி சொல்லாதேம்மா. சண்டை போடாதே. மாமியார் மேல புகார் சொல்லாதே. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சதைக்கூடச் சொல்லாதே. அவர் மனசுல இருக்கிறது நூத்தி எண்பது பேர் தலைமேல இருக்கு." நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஒருத்தியின் மாமனார் காலையில் தவறிவிட்டார், மகன் மும்பை போய்த் திரும்பி வந்து காலணியைக் கழற்றும்வரை வீட்டில் யாரும் சத்தமாக அழவில்லை.

அப்படியென்றால் நான் எப்போது சொல்வது? ராத்திரி வந்தால் விடியற்காலை பறக்க வேண்டும். விடியற்காலை போய் மதியம் வந்தால் மறுநாள் பறக்க வேண்டும். எப்போது பார்த்தாலும் மனிதர் பறக்கப் போகிறவராகவே இருக்கிறார். யாரால் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும் நீங்கள் கேட்கப் போவது. விதி விதிதானே.

இன்று கவுகாத்தி. போய்விட்டு அதே விமானத்தில் திரும்பி வர வேண்டும். அதுவும் நான் பொறுக்கியதுதான். அவர் கிளம்பும்போது இவளுக்கு லேசாகச் சூடு இருந்தது. "என்ன எமி, சோர்ந்தாப்ல இருக்கா?" என்றார். "தூக்கக் கலக்கம்ங்க" என்றேன். விதிப்படிதான் செய்தேன். அவர் போன பிறகு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. கண் சொருகுகிற மாதிரி இருந்தது. ஆட்டோ ஆப்பில் ஆளே வரவில்லை. நான் இவளைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறினேன். இறங்கியிருக்க வேண்டும், ஏறினேன். மூன்றாவது மாடியில் போய் மணியை அடித்தேன்.

மைதிலிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "ஏங்க, கார் சாவி" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அவ்வளவுதான் பேசினாள். இந்தத் துண்டு அவள் நனைத்துக் கொடுத்தது.

இனிமேல்தான் இருக்கிறது அந்த மனிதரின் குணம். கேளுங்கள்.

இங்கே வருகிற வழியில் பம்மல் சிக்னலில் கார் நின்றது. ரோட்டையே பார்த்துக்கொண்டு பார்கவன் சொல்கிறார், "எமல்டா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனப்புறம் நான் ரோஸ்டரிங் பையன்கிட்ட மறுபடி கேட்டேன். ஒவ்வொண்ணும் எந்த நேரத்துல எடுத்ததுன்னு. அதுல ஒண்ணு எடுத்தப்ப கிளாட்வின் போர்ட் பிளேர் போயிட்டிருந்தான். கடலுக்கு மேல. எனக்கு எப்படித் தெரியும்னா, நான் பால்கனில உக்காந்து போன்ல அந்த விமானத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன். எனக்கு இப்ப அதானே வேலை. காக்பிட்ல உக்காந்துக்கிட்டு எவனும் எக்ஸ்ட்ரா அமுக்க முடியாது."

போர்ட் பிளேர்! அவர் பறந்துகொண்டிருக்கும்போது அமுக்கக் கூடாது என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? சாயங்காலம் ஆனால் திறப்பேன், அமுக்குவேன். அவர் எங்கே இருக்கிறார் என்று அந்த நேரத்தில் நினைத்ததே இல்லை.

"அவன் பொய் சொல்லலை. எனக்கு அது போதும்" என்றார். "நான் யார்கிட்டயும் சொல்லலை, மைதிலிகிட்டகூட. ஆனா அவன்கிட்ட நீங்க சொல்லணும். நான் சொல்லக் கூடாது. அவன் தூங்கணும், எமல்டா. அவன் கண்ணைப் பார்த்தா எனக்கு பயமா இருக்கு."

பச்சை விழுந்தது. காரை எடுத்தார்.

இப்போது சொல்லுங்கள். இது நல்ல குணமா? திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். 'உன்னாலதான் நான் வீட்டுல கிடக்கிறேன்' என்று கத்தியிருந்தால், 'நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுத்திருப்பான்' என்று நானும் கத்தியிருப்பேன். பதில் தயாராக வைத்திருந்தேன் அக்கா, இத்தனை நாளாக! அதைச் சொல்லவிடவே இல்லையே அந்த ஆள். எல்லாம் தெரிந்துகொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பிள்ளைக்காகக் கார் ஓட்டுகிறார். இதற்குப் பெயர் என்ன? என்னைக் கையில் வைத்துக்கொள்வது. வேறென்ன? இன்னொன்று பாருங்கள். அடுக்ககமே என் வீட்டுக்காரரைக் கருங்காலி என்கிறது. இந்த மனிதருக்கு உண்மை தெரியும். என் பெயரைச் சொல்லியிருந்தால் சிநேகிதன் மானம் மிஞ்சியிருக்கும். சொன்னாரா? இதுதானா சிநேகிதம்?

என்ன, என் முகத்தையே பார்க்கிறீர்கள்?

இதோ வந்துவிட்டார். பேசாமல் இருங்கள்.

... ம். பார்க்கிங் கிடைச்சுதா? தேங்க்ஸ். இன்னும் டாக்டர் வரலை. வந்துட்டிருக்காராம். ... என்ன? ... எப்ப? ... ஏன் சொன்னீங்க? யார் உங்களைச் சொல்லச் சொன்னது? திரும்பிப் பறக்க வேண்டியவர்! உங்களுக்குத் தெரியாதா அது? நீங்களும் பைலட்தானே! ... போங்க. ஆமா, வெளியில இருங்க. நான் கூப்பிடுறேன்.

கேட்டீர்களா அக்கா? கவுகாத்தியில் இறங்கியதும் பார்க்கட்டும் என்று, வீட்டிலிருந்து கிளம்பும்போதே கிளாட்வினுக்குச் செய்தி அனுப்பிவிட்டாராம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. "தகப்பனுக்குத் தெரியணும்" என்கிறார். இத்தனை வருஷமாகப் பைலட் வீடுகளில் இருக்கிற விதியை உடைத்துவிட்டு, எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பாருங்கள்! இப்போது அந்த மனிதர் காய்ச்சலை மனசில் வைத்துக்கொண்டு அத்தனை பேரைச் சுமந்துகொண்டு—

இதோ, அவர்தான். கொஞ்சம் இவளைப் பிடித்துக்கொள்கிறீர்களா? இல்லை, வேண்டாம், என் மடியிலேயே இருக்கட்டும். போனை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

ஹலோ. ... ஆங், கிளினிக்லதாங்க. ... இல்லைங்க, கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இங்க ஒரு அக்கா தொட்டுப் பார்த்துச் சொன்னாங்க. ... நீங்க அதை நினைக்காதீங்க. பத்திரமா வந்து சேருங்க, அப்புறம் பேசிக்கலாம். ... என்ன சொல்றீங்க? ... திரும்பச் சொல்லுங்க, சத்தமா இருக்கு.

...

அக்கா, பறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கேப்டனிடம் போய், "என் மனசு இங்க இல்ல சார், நான் இன்னிக்கு ஓட்டறதுக்கு லாயக்கில்ல" என்று சொல்லிவிட்டாராம். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். இவர் சாயங்கால விமானத்தில் பயணியாக வருகிறாராம். நடுவில் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்களாம்.

... கேக்குதுங்க. ஏன் அப்படிச் சொன்னீங்க? இப்ப போய் இப்படிச் சொன்னா அவங்க என்ன நினைப்பாங்க? அடுத்த தடவை யாரை அனுப்பலாம்னு பார்க்கறப்ப உங்க பேர்தானே கண்ணுல படும்? நான் எவ்வளவு பாடுபட்டு ... ஒண்ணுமில்லை. ... ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல. ...

என்ன கேட்டீங்க?

...

அக்கா, அவர் கேட்கிறார். "நான் பண்ணின சத்தியத்தாலயா எமி?" என்று கேட்கிறார். ஏர்போர்ட்டில் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை பெரிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்கிறார். "நான் எடுக்கலையே எமி, ஒண்ணுகூட எடுக்கலையே, அப்புறம் ஏன் பிள்ளைக்கு?" என்கிறார்.

இன்று அவர் பறக்கவில்லை.

இன்று அவர் பறக்கப் போகிறவர் இல்லை அக்கா.

... இருக்கேன். லைன்லதாங்க இருக்கேன். நீங்க எங்க உக்காந்திருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? சரி. நான் சொல்றதைக் கேளுங்க. நடுவுல பேசாதீங்க. பேசினா என்னால சொல்ல முடியாது.

நான்தான் எடுத்தேன். ... எக்ஸ்ட்ராவை. ஆமா. எல்லாத்தையும். என் போன்லருந்து. இன்னிக்கு கவுகாத்தியும் நான்தான். கம்பெனி போடலை, ஒண்ணுகூடப் போடலை. ... நடுவுல பேசாதீங்கன்னேன்ல!

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். மறுபடி அந்த நிலைமை வந்தா மறுபடி பயப்படுவேன், அதையும் சொல்லிடறேன். உங்களுக்கு வாசல்ல உக்கார்றதுன்னா என்னன்னு தெரியாது, எனக்குத் தெரியும். நீங்க வந்து என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. மைதிலி முன்னாடி வச்சே திட்டுங்க, பரவாயில்லை. பார்கவனுக்குத் தெரியும். ரொம்ப நாளா தெரியுமாம். சொல்லலை அந்த ஆளு.

ஆனா இதை மட்டும் கேட்டுக்கங்க. பிள்ளை தலையில நீங்க கை வச்சுச் சொன்னது மெய். உங்க சத்தியத்துல ஒரு குறையும் இல்லை. பொய் என்னோடது. நான் யார் தலையிலயும் கை வைக்கலை. அதனால அது என்கிட்டயேதான் இருக்கு, பிள்ளைகிட்ட வராது. வரவிட மாட்டேன். கேக்குதா? வரவிட மாட்டேன்.

...

கிளாட்வின்?

...

அக்கா, வைக்கவில்லை. பேசவும் இல்லை. அந்த ஊர் ஏர்போர்ட் அறிவிப்பெல்லாம் கேட்கிறது. மூச்சு கேட்கிறது.

டாக்டர் வந்துவிட்டார் போலிருக்கிறது. உங்கள் பையன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். போங்கள் அக்கா, நீங்கள் முதலில் போங்கள். போகிற வழியில் வாசலில் பார்கவன் நிற்பார், உள்ளே வரச் சொல்லுங்கள். இவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போக ஒரு ஆள் வேண்டும். எனக்கு ஒரு கை போனுக்கு வேண்டும். அவர் பேசுகிறவரைக்கும் நான் இதை வைக்கப்போவதில்லை.